தகர டப்பாவும் பாகற்காயும்

படை புகுந்த சமையலறை: அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தில் கொரியாவின் உய்ஜொங்பு ஊரைப் பார்த்தோம். அமெரிக்க முகாமின் பின்வாசல் வழியே கசிந்த சாசேஜும் ஹாமும் அங்கே கிம்ச்சியோடு கொதித்து 'புதே ஜிகே' ஆயின. அங்கிருந்து தெற்கே கடலைத் தாண்டினால் ஒகினாவா. ஜப்பானின் தென்கோடியில், தைவானுக்கு அருகே வரை நீளும் தீவுக்கூட்டம். கொரியாவில் 1948-க்குப் பிறகு அமெரிக்கப் படை இன்னொரு அரசின் மண்ணில் தங்கியிருந்த படை. ஒகினாவாவில் அந்தப் படையே அரசு. 1945-ல் தொடங்கி 1972 மே 15 வரை, 27 ஆண்டுகள், நிலம், பணம், இறக்குமதி என்று எல்லாம் ராணுவத்தின் பிடியில் இருந்தன. எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் சிப்பாய் நுழையலாம் என்பதைக்கூட ராணுவம்தான் முடிவு செய்தது.

இன்று ஒகினாவாவின் பாரம்பரிய உணவு எது என்று கேட்டால், டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி போட்ட பாகற்காய் வதக்கலைக் காட்டுகிறார்கள். அமெரிக்கர்கள் கொண்டுவந்து கொடுத்த பழக்கம் என்று பயணக் கட்டுரைகள் ஒரே வரியில் கதையை முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. டப்பா வருவதற்கு முன்னால் அந்தத் தீவில் பன்றி இருந்தது, கிழங்கு வயல் இருந்தது. அவை எங்கே போயின என்று கேட்காமல் டப்பாவின் கதையைச் சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒகினாவாவுக்குள் புகுந்த முதல் படை அமெரிக்கப் படை இல்லை.

1879 வரை இந்தத் தீவுகள் ரியூக்யூ என்ற தனி முடியரசு. ஷுரி மலைமேல் அரண்மனை, கீழே நாஹா துறைமுகம். சீனப் பேரரசருக்குத் திறை செலுத்தி, அதன் பேரால் சீனத்தோடு வணிகம் செய்து பிழைத்த நாடு. புதிய மன்னர் முடிசூடும்போதெல்லாம் சீனத்திலிருந்து தூதுக்குழு வரும். நூற்றுக்கணக்கான பேர், மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்குப் பன்றி இறைச்சி இல்லாமல் விருந்து கிடையாது. சின்னஞ்சிறு தீவில் அத்தனை பன்றிக்கு எங்கே போவது என்பது அரண்மனைக்கு ஒவ்வொரு முறையும் பெரிய தலைவலி.

அந்தத் தலைவலியைத் தீர்த்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 1605-ல் நொகுனி சோகன் என்ற கப்பல் அலுவலர் சீனத்தின் ஃபூஜியான் பகுதியிலிருந்து கிழங்குக் கொடியை எடுத்துவந்தார். கிமா ஷின்ஜோ என்ற அதிகாரி அதைத் தீவெங்கும் பரப்பினார். புயல் அடித்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பிவிடும். மனிதர் கிழங்கைத் தின்றார்கள், கொடியையும் தோலையும் பன்றி தின்றது. வீட்டுக்கு ஒரு கறுப்புப் பன்றி என்ற வாழ்க்கை இப்படித்தான் அமைந்தது. ஆண்டு முழுக்க வளர்த்து, புத்தாண்டை ஒட்டி அறுப்பார்கள். காது 'மிமிகா', கால் 'தெபிச்சி', குடல் தெளிந்த சூப்புக்கு. மிச்ச இறைச்சிக்கு உப்பிட்டு ஜாடியில் அடைத்தால் பல மாதம் வரும். கொழுப்பை உருக்கி வைத்தால் அதுவே ஆண்டு முழுவதற்கும் சமையல் எண்ணெய். பன்றியின் கத்தலைத் தவிர வேறெதையும் வீணாக்க மாட்டோம் என்று ஒகினாவாக்காரர்கள் சொல்வது வெறும் பெருமைப் பேச்சில்லை. ஏழைக் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கே அந்த ஒரு விலங்கில் அடங்கியிருந்தது.

கிழங்கு வந்த நான்காம் ஆண்டில் படை வந்தது. 1609-ல் தெற்கு ஜப்பானின் சத்சுமா பிரபுக்கள் சுமார் 3,000 வீரர்களைத் துப்பாக்கிகளோடு அனுப்பினார்கள். ரியூக்யூவால் சில வாரங்கள்கூடத் தாங்க முடியவில்லை. மன்னர் ஷோ நெய் கைதியாகக் கொண்டுபோகப்பட்டு, இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஊர் திரும்பினார். முடியரசைச் சத்சுமா கலைக்கவில்லை. கலைத்தால் சீன வணிகம் நின்றுவிடும். அதனால் மன்னரை அரியணையில் உட்காரவைத்துவிட்டுக் கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டது. சீனத் தூதர்கள் நாஹாவில் இருக்கும் மாதங்களில் சத்சுமா அதிகாரிகள் ஊருக்கு வெளியே போய் ஒளிந்துகொள்வார்கள்.

இந்த மறைமுக ஆட்சியிலிருந்து பிறந்த உணவு ஒன்று இன்றும் ஒகினாவா விருந்துகளில் இருக்கிறது. பெயர் 'குபு இரிச்சி'. பட்டையான கடற்பாசியை நூல் நூலாக நறுக்கி, பன்றியின் வயிற்று இறைச்சியோடு அதன் சாற்றிலேயே வதக்கி வேகவைப்பார்கள். இதில் வியப்பு என்னவென்றால், அந்தக் கடற்பாசி ஒகினாவாக் கடலில் விளைவதே இல்லை. அது வடகோடி ஹொக்கைடோவின் குளிர்ந்த நீரில் வளர்வது. கப்பல் கப்பலாக அது ஒசாகாவுக்கு வந்து, அங்கிருந்து சத்சுமா வழியே நாஹாவுக்கு இறங்கி, சீனத்துக்கு ஏற்றுமதி ஆனது. சத்சுமாவுக்கு அது பணம் காய்ச்சும் சரக்கு. நாஹாவில் தங்கிய சரக்கு ஒகினாவா அடுப்புக்குப் போனது. ஜப்பானில் கடற்பாசி அதிகம் உண்ணும் ஊர்களின் வரிசையில் நாஹா நெடுங்காலம் முன்னணியில் இருந்ததற்கு இதுதான் காரணம். ஆதிக்கக்காரன் அமைத்த வணிகப் பாதையின் ஓரத்தில் சிந்தியதை எடுத்து, தன் வீட்டுப் பன்றிச் சாற்றில் போட்டுத் தன்னுடையதாக்குவது என்ற வேலையை ஒகினாவா 1945-க்கு முன்பே பழகியிருந்தது.

1879-ல் ஜப்பான் ரியூக்யூவை இணைத்துக்கொண்டு ஒகினாவா மாகாணம் என்று பெயரிட்டது. வறுமை தீரவில்லை. 1900 ஜனவரியில் முதல் ஒகினாவாக் குடியேறிகள் ஹவாயில் இறங்கி, கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனார்கள். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த தோயாமா க்யூசோ, கின் என்ற ஊரைச் சேர்ந்தவர். அந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம். 1920-களில் சர்க்கரை விலை சரிந்தபோது, தீவில் தங்கியவர்கள் சைகஸ் மரத்தின் நச்சுத் தண்டையும் கொட்டையையும் ஊறவைத்துக் கழுவித் தின்றார்கள். நச்சு முழுதாக இறங்காமல் செத்தவர்கள் உண்டு.

1944 மார்ச்சில் ஜப்பானின் 32-ஆம் படை ஒகினாவாவில் நிறுத்தப்பட்டது. தன் நாட்டுப் படைதான். ஆனால் பள்ளிக்கூடங்களைப் பிடித்துக்கொண்டது, விமானத்தளம் போட ஆட்களைப் பிடித்தது, கிழங்கையும் பன்றியையும் கேட்டு வாங்கிக்கொண்டது. ஹதெருமா தீவில் நடந்தது இன்னும் கொடுமை. 1945-ல் அத்தீவு மக்கள் அனைவரையும் மலேரியா மண்டிய இரியோமோத்தே தீவுக்குப் போகச் சொன்னது ராணுவம். போகும் முன் ஆடு, மாடு, பன்றி, கோழி அத்தனையையும் அறுக்கச் சொன்னது. இறைச்சி படைக்குப் போனது. இரியோமோத்தே போன மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். ஹதெருமாவில் அமெரிக்கப் படை இறங்கவே இல்லை.

அமெரிக்கப் படை 1945 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒகினாவாவின் பெரிய தீவில், மேற்குக் கடற்கரையில் இறங்கியது. ஜூன் 23 வரை போர். இரு தரப்புப் படையினரும் மக்களுமாக 2 லட்சம் பேர் இறந்தார்கள். ஒகினாவா மக்களில் நான்கில் ஒருவர் போனதாகக் கணக்கு. ஷுரி அரண்மனை மண்மேடாகியது. வயல்களில் குண்டுக் குழிகள். போருக்கு முன் 1 லட்சத்துக்கும் மேல் இருந்த பன்றிகளில் சில ஆயிரம்கூட மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

உயிர் பிழைத்த ஏறக்குறைய 3 லட்சம் பேரை அமெரிக்க ராணுவம் முகாம்களில் அடைத்தது. முள்வேலி, கூடாரம், வரிசை. முதல் ஓராண்டு காசு என்பதே புழக்கத்தில் கிடையாது. வரிசையில் நின்றால் அரிசி, மாவு, பால் பவுடர், டப்பா உணவு. அந்த டப்பாக்களில் ஒன்றுதான் உப்பிட்டு அரைத்து அடைத்த பன்றி இறைச்சி. 1937-ல் அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் 'ஸ்பாம்' என்ற பெயரில் கொண்டுவந்த சரக்கும் அதைப் போன்ற மற்றவையும். அமெரிக்கச் சிப்பாய்க்கு அது தின்று தின்று அலுத்துப்போன தீனி. தன் பன்றியை இழந்து, கொழுப்பின் வாசனையையே மறந்துபோயிருந்த ஒகினாவாப் பெண்ணுக்கு அந்தச் சதுரத் துண்டு என்னவாகத் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதில் உப்பும் கொழுப்பும் பன்றி வாசமும் இருந்தன. ஜாடியில் உப்பிட்டு வைத்த புத்தாண்டு இறைச்சியில் இருந்ததும் அதுவே. அந்தக் கொழுப்பில்தான் காய் வதங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

காலி டப்பாவையும் யாரும் தூக்கிப்போடவில்லை. குவளை ஆனது, விளக்கு ஆனது. ஒகினாவாவின் மூன்று தந்தி வாத்தியமான சன்ஷினுக்கு மலைப்பாம்புத் தோல் வேண்டும். தோல் இல்லாத முகாமில் தகர டப்பாவையே குடமாக்கி, கட்டில் சட்டத்தைத் தண்டாக்கி, பாராசூட் நூலைத் தந்தியாகக் கட்டி வாசித்தார்கள். 'கன்கரா சன்ஷின்' என்ற அந்த வாத்தியத்தை இன்றும் செய்து விற்கிறார்கள்.

ரேஷன் போதவில்லை. இளைஞர்கள் இரவில் அமெரிக்கக் கிடங்குகளுக்குள் புகுந்து டப்பா, துணி, மருந்து, சிகரெட் என்று கிடைத்ததை அள்ளிவந்தார்கள். இதைத் திருட்டு என்று ஊர் சொல்லவில்லை. 'செங்கா' என்றது. போரில் கிடைத்த வெற்றிப் பொருள் என்பதற்கு ஜப்பானிய ராணுவம் வைத்திருந்த சொல். வீட்டையும் வயலையும் எடுத்துக்கொண்டவனின் கிடங்கிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்குவதில் என்ன குற்றம் என்பதுதான் அன்றைய நியாயம். பிடிபட்டால் சிறை, சில நேரம் துப்பாக்கிச் சூடு.

சமையல் எண்ணெய்ப் பஞ்சம் எந்த அளவுக்குப் போனது என்பதைச் சொல்ல ஒரு பண்டம் போதும். 'மொபீல் தெம்புரா' என்று அதை நினைவுகூர்கிறார்கள். கிழங்குத் துண்டையும் மீனையும் மாவில் தோய்த்து, ராணுவ வண்டிகளுக்கு ஊற்றும் எஞ்சின் எண்ணெயில் பொரித்தார்கள். காய்ந்ததும் புகையும் நாற்றமும் எழும். தின்றவர்களுக்கு வயிறு கலங்கி ஓடும். பன்றிக் கொழுப்பு இல்லாத அடுப்பு ஒகினாவாவில் எவ்வளவு தவித்தது என்பது இதில் தெரிகிறது.

இந்த நிலை ஹவாயில் இருந்த சொந்தங்களின் காதுக்குப் போனது. 1900-ல் கரும்பு வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது அங்கே கடை வைத்திருந்தார்கள், பலர் பன்றிப் பண்ணை நடத்தினார்கள். பன்றியின் அருமை அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணம், துணி அனுப்புவதோடு நிற்காமல், உயிருள்ள பன்றிகளையே அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். வீடு வீடாக நிதி திரட்டினார்கள். கிட்டத்தட்ட 50,000 டாலர் சேர்ந்தது. அமெரிக்கப் பெருநிலத்தில் 550 பன்றிகளை வாங்கி, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் 'ஓவன்' என்ற ராணுவக் கப்பலில் ஏற்றினார்கள். உடன் ஏழு பேர் போனார்கள், ஒருவர் கால்நடை மருத்துவர். 1948 ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்ட கப்பல் பசிபிக் புயலில் சிக்கியது. கூண்டுகள் உடைந்தன. அந்த ஏழு பேரும் அலையில் நனைந்தபடி கூண்டுகளை மறுபடி கட்டி, பன்றிகளைக் காபந்து செய்தார்கள். செப்டம்பர் 27-ஆம் தேதி ஒகினாவாவின் கிழக்குக் கரையில், ஒயிட் பீச் என்று அமெரிக்கர்கள் பெயரிட்ட துறையில் கப்பல் சேர்ந்தது.

பன்றிகளை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டவர், பன்றி ஈன்ற குட்டிகளை அக்கம்பக்கத்துக்குத் தர வேண்டும் என்று ஏற்பாடு. நான்கே ஆண்டுகளில் பன்றிகளின் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியது. ஒகினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். 2003-ல் இதை இசை நாடகமாக மேடையேற்றினார்கள். படையெடுப்புகளின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, 550 பன்றிகளுக்காக ஏழு பேர் கடலில் உயிரைப் பணயம் வைத்த இந்தப் பயணம் பெரிய தளபதிகளின் பயணங்களைவிட மேலானதாகப் படுகிறது.

பன்றி திரும்பி வந்தும் டப்பா ஏன் போகவில்லை? இதற்கு விடை சமையலறைக்கு வெளியே இருக்கிறது.

கொரியப் போரும் பனிப்போரும் சூடுபிடித்ததும் அமெரிக்கா ஒகினாவாவை நிரந்தரத் தளமாக்க முடிவு செய்தது. முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்களில் பலருக்கு ஊரே இல்லை. விமானத்தளத்தின் வேலிக்குள் இருந்தது. அதற்கு மேலும் நிலம் வேண்டும் என்று 1953-ல் ராணுவம் கையகப்படுத்தும் ஆணை பிறப்பித்தது. துப்பாக்கி முனைக் கத்தியும் புல்டோசரும் என்று அந்தக் காலத்தைச் சொல்கிறார்கள். கினோவான் பகுதியில் இசஹாமா என்ற கிராமம் நல்ல நெல் விளைந்த மண். 1955 ஜூலையில் விடியும் முன்னே படை வந்து வளைத்துக்கொண்டு வயலைச் சமன்படுத்தியது. அதே ஆண்டு இஎஜிமா தீவில் வீடுகளை இடித்தார்கள். அந்தத் தீவின் விவசாயிகள் அஹாகோன் ஷோகோவின் தலைமையில் ஒகினாவா முழுவதும் பிச்சையெடுக்கும் ஊர்வலம் போனார்கள். பிச்சை எடுப்பது வெட்கம்தான், ஆனால் நிலத்தைப் பறித்து எங்களைப் பிச்சையெடுக்க வைப்பது அதைவிட வெட்கம் என்பது அவர்கள் ஊர் ஊராகச் சொன்ன செய்தி. கிழங்கு போட்ட நிலம் ஓடுபாதை ஆனபின் கிழங்கும் இல்லை, கிழங்குக் கொடி தின்னும் பன்றியும் இல்லை. விவசாயி முகாமில் கூலி வேலைக்குப் போனான். அவனுக்குச் சட்டென்று சமைத்துத் தின்னும் உணவு வேண்டும்.

இரண்டாவது காரணம் நாணயம். ஒகினாவாவில் ராணுவம் வெளியிட்ட 'பி-யென்' புழங்கியது. 1950-ல் 1 டாலருக்கு 120 பி-யென் என்று வைத்தார்கள். அப்போது ஜப்பானில் 1 டாலருக்கு 360 யென். உள்ளூர்ப் பணத்துக்கு இப்படி அதிக மதிப்பு வைத்ததில், வெளியிலிருந்து வருவதெல்லாம் மலிவாகவும் உள்ளூரில் செய்வதெல்லாம் விலை கூடியதாகவும் ஆனது. தளம் கட்ட வேண்டிய சரக்கு மலிவாக இறங்க வேண்டும், அதுதான் நோக்கம். அந்தக் கப்பல்களிலேயே டப்பாக்களும் மலிவாக இறங்கின. 1958-ல் டாலரே புழக்கத்துக்கு வந்தது. கடையில் டப்பா இறைச்சி, பக்கத்து வீட்டுப் பன்றியின் இறைச்சியைவிட எளிதாகக் கிடைத்தது. அமெரிக்கச் சரக்கோடு டென்மார்க்கின் 'துலிப்' டப்பாவும் வந்து, பல வீடுகளில் அதுவே நிலைத்தது. ஸ்பாம் என்று யாரும் சொல்வதில்லை, எல்லாமே 'போக்கு' தான்.

இப்போது அடுப்பைப் பார்ப்போம். ஒகினாவாப் பாகற்காய் நம் ஊர்க் காயைவிடத் தடிமன், கசப்பு கொஞ்சம் குறைவு. நீளவாக்கில் பிளந்து, வெள்ளைச் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, பிறை வடிவில் அரிந்து உப்புப் பிசறி வைக்கிறார்கள். தோஃபு கெட்டியானது, கத்தி வைப்பதில்லை, கையால் பிய்க்கிறார்கள். ஓரம் கரடுமுரடாக இருந்தால்தான் நன்றாகச் சிவக்கும். வாணலியில் முதலில் தோஃபுவைச் சிவக்கவிட்டுத் தனியே எடுத்துவிடுவார்கள். பிறகு டப்பா இறைச்சியை விரற்கடை அகலத்தில் வெட்டிப் போட்டால், அதன் கொழுப்பு தானாகக் கசிந்து வாணலியை நனைக்கும். அந்தக் கொழுப்பில் பாகற்காய். காய் பச்சை மாறாமல் ஓரம் மட்டும் துவண்டதும் தோஃபுவைத் திருப்பிப் போட்டு, கடைசியில் முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி இறக்கிவிடுவார்கள். உப்பு அதிகம் வேண்டாம், டப்பாவிலேயே இருக்கிறது. இதுதான் 'கோயா சாம்புரூ'.

இந்தச் செய்முறையில் அமெரிக்காவுக்கு என்ன பங்கு? ஒரு சதுரத் துண்டு. கொழுப்பில் தோஃபுவோடு காயைக் கிளறும் முறை பழையது, தோஃபு பழையது, பாகற்காய் பழையது. உப்பிட்ட பன்றி இறைச்சி இருந்த இடத்தில் டப்பா வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அந்த டப்பாவை அமெரிக்க வீட்டில் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்றார்கள். அதைப் பாகற்காயின் கசப்போடு சேர்க்கலாம் என்று கண்டது ஒகினாவாக்காரரின் கை. புகழ் அந்தக் கைக்குப் போக வேண்டும்.

இதே காலத்தில் உதவியாக இறங்கிய அமெரிக்கக் கோதுமை மாவு நூடுல்ஸ் ஆனது. ஒகினாவாவில் 'சோபா' என்றால் பன்றி எலும்புச் சாற்றில் போட்ட தடித்த கோதுமை நூடுல்ஸ்தான், மேலே மூன்றடுக்கு வயிற்று இறைச்சி. போருக்கு முன் அது நாஹா நகரத்தார் கடையில் சாப்பிடும் பண்டம். போரில் கணவனை இழந்த பெண்கள் பலர், மாவு கிடைத்த தைரியத்தில் ஒரு பானையும் சில கிண்ணங்களும் வைத்துக் கடை போட்டார்கள். தீவின் தினசரி உணவாக அது ஆனது அவர்களால்.

1972-ல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியது. வரவேற்பும் கொடியும் ஓய்ந்ததும் ஜப்பானியச் சட்டங்கள் சமையலறைக்குள் வந்தன. ஒகினாவாவில் தோஃபுவைச் சூடாகவே பையில் போட்டு விற்பார்கள், வீட்டுக்குக் கொண்டுபோகும்போது கையைச் சுடும். ஜப்பானியச் சுகாதார விதிப்படி தோஃபுவை நீரில் குளிர வைத்துத்தான் விற்க வேண்டும். தோஃபு செய்வோர் போராடி, 1974-ல் விதிவிலக்கு வாங்கினார்கள். அடுத்தது சோபா. 1976-ல் நியாய வணிக ஆணையம், 30 சதவீதம் 'பக்வீட்' மாவு இல்லாத நூடுல்ஸைச் சோபா என்று விற்கக் கூடாது என்றது. ஒகினாவா சோபாவில் அது துளியும் கிடையாது. எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இதுதான் சோபா என்று நூடுல்ஸ் தயாரிப்போர் கூட்டுறவுச் சங்கம் விடாமல் வாதாடியது. 1978 அக்டோபர் 17-ஆம் தேதி 'ஒகினாவா சோபா' என்ற பெயருக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். விடுதலைக்குப் பிறகும் தன் உணவின் பெயருக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு வலிக்கிறது. வென்றார்கள் என்பதில் மகிழ்ச்சியும் உண்டு.

இனி கின் ஊர். ஹவாய்க்கு முதல் ஆட்களை அனுப்பிய தோயாமாவின் ஊர். அங்கே மரைன் படையின் ஹான்சன் முகாம் இருக்கிறது. வியட்நாம் போர் நாட்களில் முகாம் வாசலில் மதுக்கடைகள் நெருக்கியடித்து நின்றன. நாளை போருக்குப் போகிறவன் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தான். போர் முடிந்தது, டாலரும் இறங்கியது. 1971 வரை 360 யென் வாங்கிய டாலர் 1984-ல் 240 யென் அளவில் நின்றது. இளம் சிப்பாய்களுக்குக் கைக்காசு போதவில்லை. வாசலில் கடை வைத்திருந்த கிபோ மத்சுசோ, மெக்சிகோ பாணி டாக்கோவுக்குச் செய்யும் காரமான கொத்துக்கறியைச் சுடுசோற்றின் மேல் பரப்பி, துருவிய சீஸ், லெட்யூஸ், தக்காளி தூவிக் கொடுத்தார். மலிவு, வயிறும் நிறையும். அதுதான் 'டாக்கோ ரைஸ்'. சிப்பாய்க்காகச் செய்ததை ஊர்ப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பள்ளி மதிய உணவுக்கே வந்துவிட்டது.

சுவையின் கணக்கை மட்டும் எழுதினால் நேர்மை ஆகாது. கிழங்கும் காயும் தோஃபுவும் கடற்பாசியும் கொஞ்சம் பன்றியும் உண்டு வளர்ந்த தலைமுறை உலகம் வியக்கும்படி நீண்ட நாள் வாழ்ந்தது. 1985-ல் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆண்களின் சராசரி ஆயுளில் ஒகினாவா முதலிடம். 2000-ல் 26-ஆம் இடம். அந்த எண் வெளியானபோது தீவே அதிர்ந்தது. 2020-ல் 43. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த பெண்களும் 2020-ல் 16-ஆம் இடத்துக்கு இறங்கினார்கள். எல்லாப் பழியையும் ஒரு டப்பாவின் மேல் போட முடியாது. ரயில் வசதி குறைந்த தீவில் கார் ஓட்டம், மது, துரித உணவு, குறைந்த வருமானம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஆனால் டப்பாவையும் பொரித்த கோழியையும் ஹாம்பர்கரையும் ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கு முன்பே தின்னத் தொடங்கிய தலைமுறையின் உடம்பில்தான் இந்தச் சரிவு தெரிகிறது. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவாவில்தான் அந்நாட்டில் அமெரிக்கப் படைக்கென ஒதுக்கிய இடங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்றும் இருக்கிறது.

கறுப்புப் பன்றியின் கதை இன்னும் பாக்கி. 'ஆகு' என்று அதற்குப் பெயர். சிறிய உடல், மெதுவான வளர்ச்சி, ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி. ஹவாய்ச் சொந்தங்கள் அனுப்பியவையும் பின்னால் வந்த வெள்ளைப் பன்றிகளும் சீக்கிரம் பெருத்தன, குட்டிகளும் அதிகம். பசியில் இருந்த தீவு அவற்றைத் தேர்ந்தெடுத்ததில் தவறு சொல்ல முடியாது. ஆனால் சொந்த இனம் அழியும் விளிம்புக்குப் போனது. 1981-ல் நாகோ அருங்காட்சியகத்தின் ஷிமாபுகுரோ மசதோஷி தீவெங்கும் தேடியபோது கிடைத்தவை சுமார் 30. அவற்றில் 18-ஐச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார்கள். கலப்பு இரத்தம் ஏறியிருந்த அவற்றைப் பழைய இனத்துக்கு மீட்கும் வேலையை நாகோவின் வேளாண் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் எடுத்துக்கொண்டு, பத்தாண்டு அளவுக்குப் பொறுமையாக இனச்சேர்க்கை செய்தார்கள். இன்று ஆகு இறைச்சி ஒகினாவாவில் பெயர் பெற்ற, விலை கூடிய சரக்கு. நாஹாவின் உணவகங்கள் அதைப் பெயர்ப் பலகையில் எழுதி வைக்கின்றன. வாரநாள் காலையில் வீட்டில் வாணலி ஏறும்போது மட்டும் பெரும்பாலும் டப்பாதான் திறக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் வியட்நாமின் நாம் தின் பகுதிக்குப் போவோம். பிரெஞ்சுக்காரர்கள் தின்ற மாட்டின் எலும்புகள் எங்கே போயின என்று பார்க்க வேண்டும்.

(தொடரும்)